பேக்கிங் சரியில்லை

என் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு ஆயுசு பூரா உத்தியோகம் பார்த்துவிட்டார். கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில், க்ளெய்ம்ஸ் பிரிவில் அவருக்கு வேலை. ரயிலில் அனுப்பிய சாமான் உடைந்துபோனால், நசுங்கிப்போனால், நனைந்துபோனால் ஜனங்கள் நஷ்டஈடு கேட்டு எழுதுவார்கள் இல்லையா, அந்த மனுக்கள் அத்தனையும் இவர் மேஜைக்கு வரும். வந்ததில் பாதிக்கு மேல் இவர் எழுதி அனுப்புகிற பதில் ஒன்றுதான்: பேக்கிங் சரியில்லை. அதாவது, நீ ஒழுங்காகக் கட்டாமல் அனுப்பிவிட்டு ரயில்வேயைக் குற்றம் சொல்லாதே.

ஊரார் விஷயத்தில் எப்படியோ போகட்டும். தொண்ணூற்று நான்கில் என் தம்பி சிவராமுக்குக் கோயம்புத்தூரிலிருந்து இங்கே மாற்றல் வந்தது. அவன் அனுப்பிய கிரைண்டர் ஹௌராவில் இறங்கியபோது கல் இரண்டாகப் பிளந்திருந்தது. அவன் மனு போட்டான். அது சுற்றிச் சுற்றி இவரிடமே வந்தது. என்ன எழுதினார் என்று சொல்லவேண்டுமா?

"என்கூடப் பொறந்தவன்னு பாக்க வேண்டாம், ஒரு மனுஷன்னாவது பாத்திருக்கலாமோல்லியோ?" என்று கேட்டேன்.

"வைக்கோல்கூட வைக்காம வெறும் சாக்குல கட்டியிருக்கான், சாவித்ரி. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

சிவராம் அந்த வருஷம் தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. இவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் தன் வீட்டுப் பார்சலை எப்படிக் கட்டுவார் என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து முறுக்கு போகட்டும், மாத்திரை போகட்டும், மூக்குக்கண்ணாடி போகட்டும், எவர்சில்வர் டப்பாவில்தான் போகும். அட்டைப்பெட்டி மீது இவருக்கு நம்பிக்கையே கிடையாது. அட்டை நனையும், நசுங்கும், எலி கடிக்கும். டப்பாவின் அடியில் பஞ்சை அடைத்து, பொருளை அதன்மேல் உட்காரவைத்து, மூடியை உள்ளங்கையால் ஒரே அமுக்காக அமுக்கி மூடுவார். அப்புறம் வெள்ளைத் துணி சுற்றி நெருக்கமாகத் தையல். முடிந்ததும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். "உள்ள இருக்கறது அசையப்படாது. அசைஞ்சா போச்சு" என்பார். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் ஓயவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் யாராவது பார்சல் கட்டினால் இவர் போய் ஒரு குறை சொல்லிவிட்டு வருவார்.

இவருக்கு ஒரே தம்பி, பட்டாபி. போர்ட் பிளேரில் துறைமுக ஆபீசில் வேலைக்குப் போனவன், அங்கேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். குழந்தைகள் இல்லை. மனைவி வசந்தி போய்ச் சேர்ந்த மறுவருஷமே அவனுக்குத் தொண்டையில் கான்சர் வந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தான், பேச்சு போய்விட்டது. அதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும். அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால், அந்தக் கருவியின் ரீங்காரம் பேச்சாக வரும். பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுவது போல ஒரே சுருதியில் இருக்கும். ஆனால் புரியும். பட்டாபி அந்த மிக்ஸிக் குரலிலேயே என்னைக் கேலி செய்வான். ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தால், "மன்னி, இந்த வாரமும் கத்திரிக்காயா?" என்பதுதான் முதல் கேள்வி.

எங்களோடு வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டோம். வசந்தி வைத்த மாமரம் இருக்கிறது, வரமாட்டேன் என்றான். சரி, இவராவது போய்ப் பார்த்துவிட்டு வரலாமே? போகமாட்டார். ரயில்வே பாஸில் கன்யாகுமரி போவார், காஷ்மீர் எல்லை வரை போவார். ரயில் போகாத ஊருக்கு மனுஷன் எதற்குப் போகவேண்டும் என்பது இவர் சித்தாந்தம். வசந்தி காலமானபோதுகூட பட்டாபிதான் கப்பலேறி இங்கே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மார்ச்சில் அந்தக் கருவியின் பேட்டரி செத்துப்போனது. உப்பி, மூடியைத் திறந்து அதை வெளியே எடுப்பதற்கே பெரும்பாடு ஆகிவிட்டதாம். அங்கே கடையில் கிடைக்கிற பேட்டரி எதுவும் அதற்குள் போகாது. அது லித்தியம் பேட்டரி, தீப்பெட்டி அளவு, தலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பித்தளைக் குமிழ். சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். இங்கே சாந்தினி சௌக்கில் மின்சாமான் கடை வைத்திருக்கும் தத்தா பாபு வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

அது வரும்வரை ஞாயிற்றுக்கிழமை போன் நடந்த விதம் இது. மணி அடிக்கும். இவர் எடுப்பார். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. "பட்டாபி, நீதானேடா?" என்பார். பட்டாபி ஒரு ஸ்பூனால் ரிசீவரில் ஒரு தட்டுத் தட்டுவான். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. இப்படி அண்ணனும் தம்பியும் ஏற்பாடு செய்துகொண்டார்கள், கடிதத்தில் எழுதி. "சாப்ட்டியா?" டொக். "ஜுரம் எதுவும் இல்லியே?" டொக் டொக். இவர் கேள்வியாகக் கேட்டுத் தீர்ப்பார். கேட்க ஒன்றும் இல்லாமல் போனதும் இரண்டு பேரும் சும்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எஸ்எம்எஸ் அனுப்பத் தெரியாத ஜன்மங்கள் இரண்டும்.

ஏப்ரல் கடைசியில் பேட்டரிகள் வந்தன. இரண்டு. அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் அச்சில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன, குமிழ்களுக்கு மேல் சிறிய ரப்பர் தொப்பி. இவர் அன்றைக்கே தபாலாபீஸுக்கு ஓடினார், நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். இவர் பெருமையாக, "லித்தியம் பேட்டரி" என்றார். அவ்வளவுதான், அவள் பார்சலை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இது தபால்ல போகாது, மேஷோமோஷாய். விமானத்துல தீப்பிடிக்கும்" என்றாள், பெரியவர்களைக் கூப்பிடுகிற வங்காள மரியாதையோடு.

"போர்ட் பிளேருக்குக் கப்பல்ல அனுப்புங்களேன்."

"எதுலயும் எடுத்துக்க மாட்டோம். ஆபத்தான பொருள் லிஸ்ட்ல இருக்கு."

"பேசமுடியாத ஆளுக்கும்மா" என்று நான் பெங்காலியில் சொன்னேன். அவள் வருத்தமாகத்தான் பார்த்தாள். வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அடுத்த நாள் சால்ட் லேக்கில் ஒரு பெரிய கூரியர் கம்பெனி. ஏசி, கண்ணாடிக் கதவு, காபி மெஷின் எல்லாம் இருந்தது. டை கட்டியவர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, இந்த வருஷம் விதிகள் இன்னும் இறுகிவிட்டன என்று விளக்கினார். பேட்டரி செய்த கம்பெனி கொடுத்த சோதனைச் சான்று வேண்டும், பெட்டிமேல் எச்சரிக்கைச் சீட்டு வேண்டும், இதற்கென்று பயிற்சி எடுத்தவர் கட்டிக் கையெழுத்துப் போடவேண்டும், தனி ஆட்களிடம் நாங்கள் வாங்குவதே இல்லை. கடைசி வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வெயிலுக்கு முன்னால் வீடு திரும்பியிருப்பேன். "கருவிக்குள்ள பேட்டரி மாட்டியிருந்தா விதி கொஞ்சம் தளர்வு, சார்" என்றார். கருவி போர்ட் பிளேரில் இருக்கிறது, பேட்டரி இங்கே இருக்கிறது, அதுதானே எங்கள் கஷ்டமே. எனக்குத் தலை சுற்றியது. இவரோ அந்த ஆளிடம், "பேக்கிங்குக்கு என்ன அட்டை கேக்கறா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கிடர்பூர் துறைமுகத்துக்குப் போனோம், கப்பலில் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று. கப்பல் முந்தின நாள்தான் கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டால், வந்தால் சொல்கிறோம் என்றார்கள். கைவண்டிக்காரர்கள் எங்களை இடித்துக்கொண்டு போக, நான் அந்தத் தெருவிலேயே நின்று இவரைத் திட்டினேன். "ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் முப்பது வருஷமா இல்லை இல்லைன்னு எழுதினேளே, இப்போ நம்மாத்துக்கு வந்திருக்கு பாருங்கோ." திட்டினாலும் பதில் வராத மனுஷரோடு குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. மறுநாள் பட்டாபியின் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். பட்டாபி குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறான். இடுப்பில் அடி, எழுந்திருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறான். கூப்பிடக் குரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நாள் முழுக்கத் தன் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். சாயங்காலம் பால்காரன் கதவு திறக்கவில்லையே என்று எட்டிப் பார்த்ததால் தெரிந்தது. பிளாஸ்டிக் சொம்பால் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தானாம் பட்டாபி. அது யாருக்குக் கேட்கும்?

இவர் போனை வைத்துவிட்டு, பேட்டரிப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "கரியாஹாட்ல ஒரு சின்ன கூரியர் கடை இருக்காமே. உள்ள என்னன்னு கேக்கமாட்டானாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடையைப் பற்றி மாடி வீட்டுப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். பொய் எழுதி அனுப்புகிற கடை என்று இவர்தான் முகத்தைச் சுளித்தார். விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "அட்டைல பேட்டரி படம் போட்டிருக்கே, அதைக் கழட்டிட்டு வேற எதுலயாவது வெச்சுக் கொண்டாங்கோன்னான். நான் துணிமணின்னு எழுதிடப்போறேன்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கிரைண்டருக்கு ஒரு வரி மாற்றி எழுதாத கை.

அன்று மத்தியானம் அட்டையைக் கிழித்தார், பிளாஸ்டிக் அச்சை எடுத்தார், ரப்பர் தொப்பி இரண்டையும் பிடுங்கிக் குப்பையில் போட்டார். அது எதற்கு இருக்கிறது என்று இவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு வழக்கம்போல எவர்சில்வர் டப்பா. அடியில் பஞ்சு. அதன்மேல் இரண்டு பேட்டரியும் நிமிர்ந்து உட்கார்ந்தன, குமிழ் மேலே. உள்ளங்கையால் ஒரே அமுக்கு. துணி சுற்றித் தைத்துக் குலுக்கிப் பார்த்தார். துளி அசைவு இல்லை. "கச்சிதம்" என்றார்.

டிராமில் ஏறினோம். டப்பா துணிப்பையில் இவர் மடியில் இருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியிருப்போம், "சாவித்ரி, சுடறது" என்றார்.

"மே மாசம் கல்கத்தால எது சுடாது?" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, "இல்ல, நெஜமாவே சுடறது" என்று பையை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தார். துணி கருகும் வாசனை வந்தது. முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து எழுந்துகொண்டாள். கண்டக்டர், "தாத்தா, புகை வருது, இறங்குங்க" என்று மணியை இழுத்தார். டிராம் நிற்பதற்குள் இவர் இறங்கிவிட்டார். அந்த வயசில் ஓடுகிற டிராமிலிருந்து. பையைத் தெரு ஓரத்தில் வீடு கட்டக் குவித்திருந்த மணலில் வீசினார். உள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம், அப்புறம் டப்பென்று மூடி தெறித்தது. கறுப்புப் புகையும் நெருப்புமாகக் கிளம்பியது. டீக்கடைக்காரர் ஓடிவந்து மண்வெட்டியால் மணலை அள்ளி அள்ளிப் போட்டார். எங்களைச் சுற்றி ஒரு கூட்டம். ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு திட்டு.

எல்லாம் அடங்கியபின் இவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. எவர்சில்வர் மூடி இரண்டு குமிழையும் சேர்த்துத் தொட்டு ஷார்ட் ஆக்கியிருக்கிறது, இவர் அசையாமல் இருக்கட்டும் என்று அமுக்கிய அமுக்கில் அழுத்தமாகத் தொட்டிருக்கிறது. அது இவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கருகிய டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பேக்கிங் சரியில்லை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. இத்தனை வாரம் காத்திருந்து வந்த பேட்டரி இரண்டும் மணலுக்கடியில் கிடந்தன. பட்டாபி அங்கே இடுப்பில் கட்டோடு படுத்திருந்தான். "இனிமே என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டேன்.

"பிளேன்ல போயிருந்தா, சாவித்ரி?" என்றார். "அதுல எத்தனை பேர் இருந்திருப்பா?"

நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மறுநாள் தத்தா பாபு கடையில் நடந்ததைச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த ரப்பர் தொப்பி எங்கே, தாதா?" என்றார். குப்பையில் என்றார் இவர். பிறகு வேறு ஒரு பேட்டரியை எடுத்து, குமிழ் இரண்டின்மேலும் டேப் ஒட்டி, ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிக் காட்டினார். "இப்படித் தனித்தனியா வெச்சா ஒண்ணும் ஆகாது. உங்க தம்பி பேட்டரி சின்னதுதானே, பிரயாணி கைப்பையில் வெச்சுக்கிட்டு விமானத்துலயே போகலாம். லக்கேஜ்ல மட்டும் போடக்கூடாது. ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துல ஆள் இருக்கணும், அதுக்குத்தான்."

எனக்கு எங்கேயோ பற்றிக்கொண்டு வந்தது. "தத்தா பாபு, ஊரெல்லாம் நாயா அலைஞ்சோமே. இதை முதல்லயே சொல்லப்படாதா?"

"அனுப்பறது எப்படின்னுதான் கேட்டீங்க, மாஷிமா" என்றார் அவர். "எடுத்துக்கிட்டுப் போறது எப்படின்னு நீங்க கேட்கவே இல்லையே."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். போகலாம் என்கிற யோசனையே எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. பார்சல் போகும், கடிதம் போகும், இவர் போகமாட்டார்.

புது பேட்டரிகள் ஜூன் கடைசியில் வந்தன. அதற்குள் எனக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது, டாக்டர் பிரயாணம் கூடாது என்றுவிட்டார். இவர் தனியாகக் கிளம்பினார், வாழ்க்கையில் முதல் தடவையாக விமானத்தில். டம்டம் விமான நிலையத்தில் சோதனை வரிசையில் நின்று, யாரும் கேட்பதற்கு முன்பே பேட்டரி போட்ட இரண்டு பிளாஸ்டிக் பைகளையும் எடுத்து நீட்டியிருக்கிறார். அந்தக் காவலர் டேப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், போகலாம் என்று கையைக் காட்டினாராம். "ரெண்டு கையாலயும் பிடிச்சிண்டே போனேன்" என்று பிறகு சொன்னார். ஜன்னலோர சீட்டு கிடைத்தும் கடலைப் பார்க்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. நான் ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு தட்டுத் தடுமாறிப் போய் எடுத்தேன். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. "யாரு, நீங்களா? போய்ச் சேந்தேளா?" பதில் இல்லை. இதுவும் வேலை செய்யவில்லையா? பெருமாளே, இன்னொரு தடவை சாந்தினி சௌக்கா? "ஏன்னா, ஏதாவது சொல்லுங்கோளேன்" என்றேன்.

அப்போது அந்த மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

"மன்னி. இந்த வாரமும் கத்திரிக்காயா?"

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

"மன்னி" என்றது அந்தக் குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அண்ணா வந்ததுலேந்து அழுதுண்டிருக்கான். வாசல்ல ஆரம்பிச்சான். இட்லி ஆறிப்போச்சு. வசந்தி படத்துக்கு முன்னாடி நின்னு மன்னிப்புக் கேக்கறான். நீங்கோ கொஞ்சம் சொல்லுங்கோ."

பின்னாலிருந்து இவர் குரல் கேட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு: "வாயை மூடுடா, பட்டாபி."

ரிசீவரில் ஸ்பூன் சத்தம் கேட்டது. டொக் டொக்.